மருதக்கட்டையில் ஏழு காளான்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை தரையில் கால் வைக்கிற இடத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் விறகுக்குப் போகிற பெண்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் இருசம்மாள் கொண்டுவருகிற கட்டுக்கு மட்டும் டீக்கடைக்காரர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை. கட்டையைப் புரட்டிப் பார்க்காமல் அவள் எடுக்கமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காட்டில் விழுந்து கிடக்கிற கட்டைகளில் மரக்காளான் முளைத்திருக்கும். சோற்றுக்கு ஆகாத காளான். செருப்புத் தோல் போல விறைத்து, காது மடல் போலக் கட்டையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மற்றவர்கள் அதைக் கண்டால் உளுத்த கட்டை என்று காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். இருசம்மாள் குனிந்து காளானின் அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தால் கட்டை இன்னும் தாங்கும், எடுக்கலாம். ஊசியால் குத்தினாற்போல் பொடிப்பொடியாகத் துளைகள் இருந்தால் கட்டையை நகத்தால் கீறுவாள். வெள்ளையாக நார்நாராக வந்தால் உள்ளே பஞ்சாகிவிட்டது, அடுப்பில் புகையுமே தவிர சூடு நிற்காது. செங்கல் நிறத்தில் கட்டம் கட்டமாக உதிர்ந்தால் அதைத் தொடவே மாட்டாள். நகம் இறங்கவில்லை என்றால் நாலு நாள் வெயிலில் போட்டு எடுத்துக்கொள்வாள்.

"இன்னாடி, கட்டைக்குப் பொண்ணு பாக்கறியா?" என்பாள் கூட வருகிற ஆயம்மாள். "பொரட்டிப் பொரட்டிப் பாக்கறியே. பொழுது போயிக்கினு கீது."

"உன்ன மாதிரி கண்ண மூடிக்கினு கட்டிக்கினு வந்துட்டு, அப்பறம் காலம்பூரா ஊதிக்கினு கெடக்க என்னால ஆவாதுக்கா."

ஆயம்மாளின் புருஷனையும் சேர்த்துத்தான் சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள். ஆயம்மாள் சும்மா விடுகிறவள் இல்லை.

"நீ மட்டும் பொரட்டிப் பாத்துதான் கட்டிக்கினியா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. இருசம்மாளின் கீழுதடு அன்றைக்கு வெடித்து வீங்கியிருந்தது. அது எப்படி வெடித்தது என்று யாரும் கேட்கவேண்டிய அவசியம் இல்லை.

கொளஞ்சியப்பன் கெட்டவன் இல்லை. சாராயம் உள்ளே போகாத நாளில் அவனைப் போல ஒரு மனிதனைப் பார்க்கமுடியாது. கல்யாணத்துக்கு அவள் வந்தபோது இடுப்பில் நாலு வயதுத் தம்பி காசிநாதனையும் தூக்கிக்கொண்டு வந்தாள். தாய் செத்த பிள்ளை, விட்டுவர ஆள் இல்லை. "சீருக்குப் பதிலா மச்சானக் கொண்டாந்திருக்கா" என்று ஊர் கேலி பேசியது. கொளஞ்சியப்பன் அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "இவன்தான்டா எனக்குச் சீரு" என்றான். தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்காமலே போனதும், குடிக்கப் பழகியதும், குடித்தால் கைநீட்டுவதும் அதற்குப் பிறகு வந்தவை. காசிநாதன் வளர்ந்தான். இருபத்திரண்டு வயதில் கல் சூளைக்கு மரம் வெட்டுகிற வேலைக்கு மாமனோடு ஜோடியாகப் போனான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, ஐப்பசி மாதம். அக்காவின் உதட்டைப் பார்த்த காசிநாதன் நேராக டீக்கடைக்குப் போனான். அங்கே உட்கார்ந்திருந்த மாமனின் சட்டையைப் பிடித்தான்.

"இன்னொரு தபா எங்கக்கா மேல கைய வெச்ச, கட்டையால மண்டையப் பொளந்துடுவேன்."

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் கேட்டார்கள்.

கொளஞ்சியப்பன் சட்டையை விடுவித்துக்கொண்டு எழுந்து போனான். மறுநாள் காலையில் வெட்கப்பட்ட முகத்தோடு வாசலில் நின்று கூப்பிட்டான்: "வாடா மச்சான், போலாம். நேரமாவுது." இரண்டு பேரும் ஒரே துணியில் கட்டின களியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். இருசம்மாள் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு வலித்தாலும் மனசு லேசாக இருந்தது. அந்த லேசை அவள் வாழ்நாளில் மறுபடி அனுபவிக்கவில்லை.

மதியத்துக்கு முன்னால் காசிநாதன் சட்டையெல்லாம் ரத்தமாக ஓடிவந்தான். முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினான்.

"யக்கா, மருதமரத்துக் கொம்பு வுழுந்துடுச்சிக்கா. மாமா மேல."

ஓடையோரம் நின்ற பெரிய மருதமரம் அது. உச்சி பட்டுப்போய் நாலைந்து வருஷம் ஆகிறது. பட்ட கொம்புகள் நட்ட கம்பம் போல மேலே நிற்கும். காற்றடித்தால் ஒன்றிரண்டு விழும். அன்றைக்குக் காற்றே இல்லை. முந்தின நாள் பெய்த மழையில் ஊறிக் கனத்த ஒரு கொம்பு, கீழே உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தவன் தலையில் இறங்கியிருந்தது. விழுந்த வேகத்தில் பல துண்டாகச் சிதறியிருந்தது. அதில் மூன்று முழ நீளம், ஆளின் கெண்டைக்கால் கனத்துக்கு ஒரு துண்டு. அதில்தான் ரத்தம் இருந்தது. காசிநாதன் அதைத் தூக்கி அப்பால் போட்டுவிட்டு மாமனை மடியில் எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறான். அதற்குள் உயிர் போய்விட்டது.

இருசம்மாள் அழுததை எழுதி என்ன ஆகப்போகிறது. ஊரே அந்த ஓடைக்கரையில் நின்று அழுதது.

சாயங்காலத்துக்குள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். பிணத்தைப் போர்வையில் கட்டி ஆண்கள் தூக்கிக்கொண்டார்கள். காசிநாதன் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தான். ஏட்டு ரத்தக் கட்டையைக் காட்டினார்.

"இதையும் ஸ்டேஷனுக்குக் கொண்டாரணும். யாராச்சும் தூக்குங்கம்மா."

பெண்கள் பின்வாங்கினார்கள். மனித ரத்தம் பட்ட கட்டையை எவள் தலையில் ஏற்றுவாள். இருசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவர் ரத்தம்ங்க. வேற யாரும் தொடவேணாம். நான் தூக்கறேன்."

இங்கேதான் அது நடந்தது.

விறகுக்காரிகளுக்கு ஒரு கைவழக்கம் உண்டு. கட்டையைத் தலையில் ஏற்றுமுன் அதிலிருக்கிற காளானைக் கொடுவாளின் பின்பக்கத்தால் தட்டிவிடுவார்கள். தட்டாமல் தூக்கினால் அது சும்மாட்டை மீறி மண்டையைக் குத்தும், வழியில் முள்செடியில் மாட்டும். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை இது. சாப்பிடுமுன் கை கழுவுவது மாதிரி. இருபது வருஷமாகக் கட்டை தூக்கிய கை அது. புருஷன் செத்த துக்கம் அந்தக் கைக்குத் தெரியவில்லை. இடுப்பிலிருந்து கொடுவாளை எடுத்தது, திருப்பிப் பிடித்தது, தட்டியது. ஏழு காளான். ஏழும் ஓடைக்கரைப் புல்லில் விழுந்தன. ஏட்டு பீடி பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொட்டையான கட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, புருஷன் பிணத்தின் பின்னால் அவள் நடந்தாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்து முடித்த கையோடு போலீஸ் வந்து காசிநாதனைப் பிடித்துக்கொண்டு போனது. டீக்கடையில் அவன் சொன்ன வார்த்தை அவர்களுக்குப் போய்விட்டிருந்தது. கட்டையால் மண்டையைப் பிளப்பேன் என்றான். மறுநாள் கட்டையால் மண்டை பிளந்து கிடக்கிறது. கூட இருந்தவன் அவன் ஒருவன்தான். மேலிருந்து விழவில்லை, தரையில் கிடந்த கட்டையை எடுத்து அடித்திருக்கிறான் என்று எழுதினார்கள். மரத்தில் ஏறிப் பார்க்கச் சொல்லலாம் என்றால், அந்தப் பட்ட உச்சியில் ஒடிந்த முனைகள் இருபதுக்குக் கம்மி இல்லை. எது எப்போது ஒடிந்தது என்று யார் சொல்வது.

பொய் சொல்லவேண்டாம். அன்று ஒரு நாள் முழுக்க இருசம்மாளும் தம்பியைச் சந்தேகப்பட்டாள். தனக்காகச் செய்துவிட்டானோ என்று நினைத்தாள். தன் உதட்டை அவளே கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஆயம்மாள் கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கட்டாயப்படுத்திக் கஞ்சி குடிக்கவைப்பதற்காகத் தினமும் அவள் வந்துவிடுவாள். சல்லடை ஆட, மாவு நேராகக் கீழே கொட்டியது. இருசம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"யக்கா, சல்லடைய செத்த நிறுத்து."

"இன்னாடி?"

"நான் அன்னிக்குக் காளான எப்படித் தட்டனேன்?"

"எந்தக் காளான? பைத்தியமே, கஞ்சியக் குடி."

"நீட்டுவாக்குல இழுத்தேன்க்கா. தலமாட்டுலேர்ந்து கால்மாட்டுக்கு இழுத்தேன். குறுக்க வெட்டல."

ஆயம்மாளுக்குப் புரியவில்லை. இருசம்மாள் வெறுங்கையை இன்னொரு தடவை நீளவாக்கில் இழுத்துப் பார்த்தாள்.

காளானின் அடிப்பக்கத் துளை எப்போதும் மண்ணைப் பார்த்துத்தான் இருக்கும். சல்லடை போல, அதன் தூள் கீழே கொட்டவேண்டும். படுத்துக் கிடக்கிற கட்டையில் முளைத்தால், அது கட்டையின் நீளத்தோடு ஓடும், வீட்டுக்கு இறவாரம் இறக்கினது மாதிரி. அதைப் பக்கவாட்டில் வெட்டித்தான் தட்டமுடியும். நட்டுக்கு, நேர் செங்குத்தாக நிற்கிற கொம்பில் முளைத்தால், சுவரில் அடித்த பலகை போலக் குறுக்கே நிற்கும். அதை நீளவாக்கில் இழுத்துத் தட்டவேண்டும். அவள் இழுத்துத் தட்டினாள். ஏழையும் அப்படித்தான் தட்டினாள். அப்படியானால் அந்தக் கட்டை தரையில் கிடந்த கட்டை இல்லை. முன்பே விழுந்து கிடந்திருந்தால், இந்த மழைக்குக் காளானின் ஓரம் மண்ணைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அன்றைக்கு விழுகிறவரைக்கும் உயரத்தில் நட்டுக்கு நின்ற கொம்பு. தம்பி பொய் சொல்லவில்லை.

அதற்கு ஏழு சாட்சி இருந்தது. ஏழையும் அவள் கையாலேயே தட்டிவிட்டாள்.

ஓடைக்கு ஓடினாள். மருதமரத்தடி முழுக்க விழுந்த கொம்புகள், எல்லாவற்றிலும் காளான். மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அடி வழவழப்பாக இருந்ததைத் தூக்கி எறிந்தாள். மேல்பக்கம் பாசி பிடித்ததை எறிந்தாள், அது பழசு. அன்றைக்கு அவள் தட்டியது மேலே மண் நிறத்தில் வரிவரியாக, ஓரம் வெளுத்து, அடியில் ஊசித்துளையோடு இருந்தது; கொடுவாள் பட்ட இடம் புதுசாக வெட்டுண்டிருக்கும். தேடித் தேடி ஐந்து கிடைத்தது. இரண்டைக் காணவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வந்து ஒரு சட்டியில் போட்டு மூடிவைத்தாள்.

ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் காசிநாதன் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீயாவது நம்பறியாக்கா?"

"நம்பறன்டா. எனக்குத் தெரியும்." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எப்படித் தட்டினாள் என்பது வரைக்கும் சொன்னாள்.

அவன் வெகுநேரம் அவள் கையையே பார்த்தான். "ஏன்கா தட்டன?" என்றான்.

அவள் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் தனசேகரன் என்ற சின்ன வயசு வக்கீல் இருந்தார். ஏழைகளுக்கு வாதாட அவரை நியமித்திருந்தார்கள். இருசம்மாள் சட்டியைத் திறந்து காளானை மேசைமேல் வைத்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது இன்னாம்மா?"

"சாட்சிங்க."

அவருடைய ரூல்தடியை நட்டுக்கு நிறுத்தி ஒரு காளானை வைத்துக் காட்டினாள். பிறகு ரூல்தடியைப் படுக்கவைத்துக் காட்டினாள். வக்கீல் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவை எழுந்து நின்றுவிட்டார்.

"கட்டை கோர்ட்டு ரூம்லதான் இருக்கு, சீல் வெச்சிருக்காங்க, கேஸ் நடக்கறப்பதான் பிரிப்பாங்க. காளான் இருந்த தழும்பு அதுல இருக்குமில்ல?"

"இருக்கும்ங்க. குறுக்கால வெள்ளக் கோடு மாதிரி இருக்கும். ஒடஞ்ச சட்டி சேர்ற மாதிரி இந்த அஞ்சும் அந்தந்தத் தழும்புல சேரும்."

"அது போதும்மா. தழும்ப ஜட்ஜ் பாத்துட்டா உங்க தம்பி வீட்டுக்கு வந்துடுவாரு."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இருசம்மாள் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள். வழக்கு விசாரணைக்கு வருகிறதற்கு அத்தனை காலம் ஆயிற்று. இரண்டு ஐப்பசி, இரண்டு கார்த்திகை போயின. மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் சட்டியைத் திறந்து, காளான் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுப்பு மேட்டில் நகர்த்தி வைப்பாள். அதே மழை வேறோர் இடத்திலும் பெய்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. காட்டில் ஒரு பார்வையில் தெரிந்துகொள்கிறவளுக்கு, சுவருக்குள் பூட்டி வைத்த கட்டையும் கட்டைதான் என்பது நினைவுக்கு வரவில்லை.

கோர்ட்டு இருந்த ஊருக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஆயம்மாளும் கூட வந்தாள். கூண்டில் ஏறின இருசம்மாள், நடுங்காமல் சொன்னாள். மண்ணைப் பார்க்கிற துளையைப் பற்றிச் சொன்னாள், சல்லடையைச் சொன்னாள், நிற்கிற கொம்பையும் படுத்த கட்டையையும் கையை நீட்டிக் காட்டிச் சொன்னாள். ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

அரசு வக்கீல் எழுந்தார்.

"காளான் கட்டையோட நீளத்துக்கு ஓடினா, அது படுத்துக் கிடந்த கட்டைதான். அப்படித்தானம்மா?"

"ஆமாங்க."

"சந்தேகம் இல்லையே?"

"இல்லங்க. எங்க பாத்தாலும் அப்படித்தான்."

"கட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றார் தனசேகரன், ஆர்வத்தோடு.

இரண்டு பேர் சாக்கில் சுற்றின கட்டையைத் தூக்கிவந்து தரையில் வைத்துப் பிரித்தார்கள். இருசம்மாள் எட்டிப் பார்த்தாள்.

கூரை ஒழுகுகிற ஓர் அறையில் ஈரத் தரையில் இரண்டு மழைக்காலம் கிடந்த கட்டை. உள்ளே இருந்த நோய் சும்மா இருக்கவில்லை. பழைய தழும்பு இருந்த பட்டையெல்லாம் உரிந்து சாக்கில் தூளாகக் கொட்டிக் கிடந்தது. கட்டையின் பக்கம் முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும், புதுக் காளான் முளைத்திருந்தது. வெளுத்த ஓரத்தோடு, இறவாரம் மாதிரி, நீளவாக்கில் ஓடியது.

அரசு வக்கீல் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, ஜட்ஜுக்குக் கட்டையைக் காட்டினார். யாரோ சிரித்தார்கள்.

"இது இல்லங்க." அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். "இது புதுசுங்க. உங்க ரூம்ல மொளச்சது. ஓரம் வெள்ளையா கீது பாருங்க, தொட்டா மெத்துன்னு இருக்கும். நான் தட்டனது வேற. இதோ அஞ்சு கீது."

"இது எந்தக் காட்டுலயும் கிடைக்குமே" என்றார் அரசு வக்கீல்.

அவள் கூண்டிலிருந்து இறங்கிவிட்டாள். யாரும் தடுக்குமுன் கட்டையின் பக்கத்தில் மண்டியிட்டு, ஐந்து காளானையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். சேர்கிற இடம் எங்கும் இல்லை. அவள் அழுத்தின இடமெல்லாம் நார்நாராகப் பிய்ந்து வந்தது. தனசேகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜட்ஜ் கடுமையான ஆள் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "நீங்களே தட்டினதா சொல்றீங்க. ஏம்மா தட்டினீங்க?"

"தூக்கறதுக்கு முன்னால தட்டறது வழக்கம்ங்க."

"உங்க வீட்டுக்காரர் செத்துக் கிடக்கிற இடத்திலயுமா?"

இரண்டு வருஷத்துக்கு முன் தம்பி கேட்ட அதே கேள்வி. தட்டாதவர்களுக்கு அதைப் புரியவைக்க முடியாது. கோர்ட்டில் கட்டை தூக்கினவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஆயம்மாள் எழுந்து, "நாங்க எல்லாரும் தட்டுவோம்ங்க சாமி" என்றாள். அவளை வெளியே அனுப்பினார்கள்.

கொலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் கோபத்தில் அடித்துவிட்டான் என்று பத்து வருஷம் போட்டார்கள். வேனில் ஏறும்போது காசிநாதன் அக்காவைப் பார்த்துச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"இனிமே வராத."

அவள் போனாள். கடலூர் ஜெயிலுக்கு மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் அவன் கம்பிக்கு வரவில்லை. தின்பதற்குக் கொண்டுபோனதைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். நாலாவது தடவை போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாழ்ந்தது ஒரே மாதிரியான நாட்கள். காட்டுக்குப் போனாள், கட்டை பொறுக்கினாள், விற்றாள். ஒரே ஒரு மாற்றம்தான். அவள் காளானைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள். முளைத்தது முளைத்தபடி தலையில் ஏற்றுவாள். சும்மாட்டை மீறி அது மண்டையில் இறங்கும். வழியில் முள் மாட்டும்; நின்று, விடுவித்து, நடப்பாள். காளானோடு வருகிற கட்டையை டீக்கடைக்காரர்கள் முகம் சுளித்து ஒதுக்கினார்கள். வரப்பு வேலையும் களையெடுப்பும் இல்லாத மாதங்களில் அரைவயிற்றோடு கிடந்தாள்.

"ஏன்டி, கோர்ட்டுக்கா கொண்டும்போற? தட்டித் தொலைடி" என்று புதிதாக வந்த பெண்கள் யாராவது சொல்வார்கள். உடனே ஆயம்மாள் அவர்கள் பக்கம் திரும்புவாள்.

"உன் வாயிதான்டி உளுத்த கட்ட. மூடிக்கினு நட."

உச்சந்தலையில் மயிர் உதிர்ந்து, தழும்புமேல் தழும்பாகி, அந்த இடம் பட்டுப்போன மரத்தின் உச்சி மாதிரி ஆயிற்று.

தொண்ணூற்று மூன்றில், மார்கழி மாதம் ஒரு காலைப்பொழுதில், ஓடைக்கரையில் இருசம்மாள் ஒரு வேங்கைக் கட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆயம்மாள் கொஞ்ச தூரத்தில் கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். பாதையில் ஒருத்தன் வந்தான். நரைத்த தாடி, ஒடுங்கின மார்பு, தோளில் ஒரு துணிப்பை. இருமிக்கொண்டே வந்தான். ஆயம்மாள்தான் முதலில் அடையாளம் கண்டாள். வாயைத் திறந்தவள் சத்தம் வராமல் முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

காசிநாதன் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருந்தான். முப்பத்திரண்டு வயதுக்காரன் ஐம்பது வயதுக்காரனாகத் தெரிந்தான்.

இருசம்மாள் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அதனால்தான் அவன் கண்ணில் அந்த உச்சந்தலை பட்டது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆயம்மாளைப் பார்த்தான்.

"அன்னியிலேர்ந்து தட்டறதில்லடா காசி" என்றாள் ஆயம்மாள். "எட்டு வருசமா அப்படியே தூக்கறா. சொன்னாக் கேக்கறாளா."

காசிநாதன் பையைக் கீழே வைத்தான். குனிந்து, அக்காவின் இடுப்பிலிருந்த கொடுவாளை உருவினான். வேங்கைக் கட்டையைத் தன் பக்கம் புரட்டி, காளான் எப்படி நிற்கிறது என்று பார்த்தான்.

"படுத்த கட்ட" என்றான்.

கொடுவாளைத் திருப்பிப் பிடித்துப் பக்கவாட்டில் தட்டினான். ஒவ்வொன்றாக, நிதானமாக, ஒன்று மிச்சமில்லாமல் தட்டினான். நடுவில் இருமல் வந்தது. நிறுத்தி, இருமி முடித்து, மறுபடி தட்டினான். கட்டையின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தான். இருசம்மாள் சத்தமில்லாமல் அழுதாள். அவள் கை அவன் கால் பக்கத்துப் புல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அந்த அஞ்சும் இன்னும் வெச்சிருக்கியா?" என்று கேட்டான்.

"கீது. சட்டியில கீது."

"அடுப்புல போட்டுடு."

"போடமாட்டேன். நான் செத்தா என்கூட வெச்சிக் கொளுத்து."

"அது எரியாதுக்கா. பொகையும்."

"பொகையட்டும்."

அவன் கொடுவாளைத் திருப்பிக் கொடுத்தான். சும்மாட்டை அவளிடமிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "ஒரு கை புடிக்கா" என்றான். அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் கட்டையைத் தூக்கினார்கள். ஆயம்மாள் முன்னால் நடந்தாள். பட்டுப்போன மருதமரத்தைச் சுற்றிக்கொண்டு, அதன் நிழல் படாமல் பாதை போனது.